வானத்துக் கல்லுக்காக வாதாடியவர்

இரவு வானத்தை அண்ணாந்து பார்க்கும்போது, ஒளிக்கீற்று ஒன்று சட்டென்று ஓடி மறைவதை நம்மில் பலர் கண்டிருப்போம். சில வேளைகளில் அது பெரிய தீக்கோளமாகத் தோன்றும். இடி போன்ற ஓசையுடன் வெடிக்கும். கருகிய கற்களைத் தரையில் உதிர்க்கும். அந்தக் கற்களை நாம் விண்கற்கள் என்கிறோம். அவை விண்வெளியிலிருந்து வருகின்றன என்பது இன்று தொடக்கப்பள்ளி மாணவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதே செய்தியை நூலாக எழுதி வெளியிட்ட ஒருவரைக் கற்றறிந்தோர் பலர் எள்ளி நகையாடினர். அவருடைய பெயர் எர்ன்ஸ்ட் கிளாட்னி.

தந்தையின் விருப்பம்

கிளாட்னி 1756ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் ஜெர்மனியில், அன்று சாக்சனிப் பகுதியில் இருந்த விட்டன்பர்க் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அந்நகரப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியராகப் பணியாற்றியவர், கண்டிப்பு மிக்கவர். மகனை வெளியே சென்று விளையாட அவர் எளிதில் அனுமதிக்கமாட்டார். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த சிறுவனுக்குத் தொலைதூர நாடுகளைப் பற்றியும் வானத்து விண்மீன்களைப் பற்றியும் படிப்பதில் ஆவல் பெருகியது. அவனுடைய மனம் அறிவியலை நாடியது. தந்தையோ, மகன் தம்மைப் போலவே சட்டம் பயில வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்.

தந்தையின் சொல்லை மீற இயலாமல் கிளாட்னி விட்டன்பர்க்கிலும் லைப்சிக் நகரிலும் சட்டம் படித்தார். விருப்பமில்லாத படிப்பென்றாலும் அதை அரைகுறையாக விட்டுவிடவில்லை. 1782ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். சாட்சிகளின் வாக்குமூலங்களை எவ்வாறு ஒப்பிடுவது, எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பனவற்றை அவர் அங்கே முறையாகக் கற்றார். அந்தப் பயிற்சி பிற்காலத்தில் எதற்குப் பயன்படப் போகிறது என்பதை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை.

அதே ஆண்டில் தந்தை காலமானார். இருபத்தைந்து வயது கிளாட்னி சட்டத் துறையைக் கைவிட்டு, தாம் விரும்பிய அறிவியலின் பக்கம் திரும்பினார். அது துணிச்சலான முடிவு. அவருக்குச் சொத்து இல்லை. பல்கலைக்கழகத்தில் ஊதியம் தரும் பதவியும் கிடைக்கவில்லை.

மணலில் தெரிந்த ஒலி

கிளாட்னி பத்தொன்பது வயதில்தான் இசை பயிலத் தொடங்கினார். ஒலி எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பற்றி அப்போது வெளிவந்திருந்த நூல்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. எனவே, தாமே சோதித்துப் பார்க்க முனைந்தார். மெல்லிய உலோகத் தகட்டின்மீதும் கண்ணாடித் தகட்டின்மீதும் மணலைத் தூவினார். பின்னர், வயலின் வில்லால் தகட்டின் ஓரத்தைத் தேய்த்தார். தகடு அதிர்ந்து ஒலி எழுப்பியது. அதிர்கின்ற இடங்களிலிருந்து மணல் துள்ளி விலகி, அதிராத கோடுகளில் போய்ச் சேர்ந்தது. தகட்டின்மீது அழகிய கோலம் ஒன்று உருவாகியது. தகட்டைப் பிடிக்கும் இடத்தையும் வில் படும் இடத்தையும் மாற்றியபோது வேறு கோலங்கள் தோன்றின. காதால் மட்டுமே உணரக்கூடிய ஒலியைக் கண்ணால் காணும் வழியை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

இந்த ஆய்வை அவர் 1787ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கிளாட்னி உருவங்கள் என்ற பெயரில் இன்றும் அறிவியல் வகுப்புகளில் இச்சோதனை செய்து காட்டப்படுகிறது. ஒலியியலின் தந்தை என்ற சிறப்பும் அவருக்குக் கிடைத்தது. எனினும், சிறப்பு சோறு போடவில்லை. புதிய இசைக்கருவிகளை உருவாக்கிக் குதிரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றியும் சோதனைகளைச் செய்துகாட்டியும் அவர் பிழைத்தார். அப்பயணங்களில் ஒன்றுதான் அவரை விண்கற்களிடம் கொண்டுசேர்த்தது.

ஓர் உரையாடல்

1793ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளாட்னி கோட்டிங்கன் நகரில் தங்கியிருந்தார். அங்கே வாழ்ந்த இயற்பியல் பேராசிரியர் லிக்டன்பர்க் அக்காலத்தில் பெரும் புகழ் பெற்றவர். மின்னேற்றம் பெற்ற பரப்பில் தூளைத் தூவி உருவங்களைக் காட்டியவர் அவர். கிளாட்னி தகட்டின்மீது மணலைத் தூவியதற்கும் அதுவே தூண்டுதலாக அமைந்தது. இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது பேச்சு தீக்கோளங்களின் பக்கம் திரும்பியது. லிக்டன்பர்க் 1791ஆம் ஆண்டில் கோட்டிங்கன் வானில் அப்படியொரு கோளத்தைக் கண்டிருந்தார். அவை மின்னலைப் போன்ற மின்சார நிகழ்ச்சிகள் என்று பலர் கருதினர். அந்த விளக்கம் முழுமையாகப் பொருந்தவில்லை என்றும் அவை பூமிக்கு வெளியிலிருந்து வரக்கூடும் என்றும் லிக்டன்பர்க் கோடி காட்டினார்.

பேச்சுவாக்கில் வந்த அந்தக் கருத்து கிளாட்னியின் மனத்தில் ஆழப் பதிந்தது. தம் பயணத்தை நீட்டித்துக்கொண்டு, கோட்டிங்கன் பல்கலைக்கழக நூலகத்திற்குள் நுழைந்தார். மூன்று வாரங்கள் அங்கேயே பழைய ஏடுகளைப் புரட்டினார்.

அறிஞர்கள் ஏன் மறுத்தார்கள்?

வானத்திலிருந்து கற்கள் விழுந்த செய்திகள் பழங்காலம் முதலே எழுதப்பட்டு வந்துள்ளன. ஆயினும், 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் அவற்றைப் பாமரரின் மூடநம்பிக்கை என ஒதுக்கினர். அதற்கு அவர்களிடம் காரணம் இல்லாமல் இல்லை. கோள்கள் தடையின்றிச் சுழல வேண்டுமானால் அவற்றுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையாக இருக்க வேண்டும் என்பது நியூட்டன் காலந்தொட்டு நிலவிவந்த கருத்து. சூரியன், கோள்கள், அவற்றின் துணைக்கோள்கள், வால்வெள்ளிகள், தொலைவில் உள்ள விண்மீன்கள் ஆகியவற்றைத் தவிர வானத்தில் வேறு திடப்பொருள் இல்லை என்று அவர்கள் எண்ணினர். இல்லாத கல் எப்படி விழும்?

1768ஆம் ஆண்டில் பிரான்சின் லூசே என்ற ஊரில், வயலில் வேலை செய்தவர்கள் கல் ஒன்று விழுவதைக் கண்டனர். அதைப் பாரிஸ் அறிவியல் கழகம் ஆராய்ந்தது. ஆய்ந்தவர்களுள் ஒருவர் புகழ்பெற்ற வேதியியலாளர் லவாய்சியர். அது மின்னல் தாக்கிய சாதாரணக் கல் என்று முடிவு கூறப்பட்டது. 1790ஆம் ஆண்டில் அந்நாட்டின் பார்போட்டான் பகுதியில் கற்கள் பொழிந்தபோது, ஊர்த்தலைவர் முதலானோர் தாங்கள் கண்டதை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினர். ஓர் ஊரே திரண்டு கட்டுக்கதையை உறுதிப்படுத்துகிறதே என்று அறிவியலாளர் ஒருவர் வருந்தி எழுதினார். கண்ணால் கண்டவர்கள் உழவர்களும் தொழிலாளர்களும் என்பதாலேயே அவர்களின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

சாட்சிகளை விசாரித்தவர்

கிளாட்னி இந்தச் சிக்கலை வழக்கறிஞரின் கண்கொண்டு பார்த்தார். சாட்சி படித்தவரா, பாமரரா என்பது முதன்மையான கேள்வி அன்று. சாட்சியங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதே கேள்வி. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நூற்றாண்டுகளில், வெவ்வேறு மொழிகளில் எழுதப்பட்ட குறிப்புகளை அவர் அருகருகே வைத்து ஒப்பிட்டார். எல்லாரும் ஏறத்தாழ ஒன்றையே சொல்லியிருந்தனர். ஒளிவீசும் கோளம் ஒன்று அதிவேகமாக வந்தது, வெடித்தது, இடிமுழக்கம் கேட்டது, கருநிற மேலோடு கொண்ட கற்கள் விழுந்தன. ஒருவரையொருவர் அறியாத இத்தனை பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்ல முடியுமா என்று அவர் சிந்தித்தார்.

அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் குரோவேசியாவின் ஹ்ராசினா என்னும் சிற்றூரில் நடந்த நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. அங்கே 1751ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மாலை, பெரிய தீக்கோளம் வானில் வெடித்து, இரண்டு இரும்புத் துண்டுகள் நிலத்தில் புதைந்தன. ஸாக்ரெப் நகரத் திருச்சபையினர் நேரில் கண்டவர்களிடம் உறுதிமொழி பெற்று வாக்குமூலங்களைப் பதிவுசெய்து, இரும்பையும் வியன்னா அரசவைக்கு அனுப்பினர். வியன்னாவில் அந்தப் பதிவுகளைப் படித்த ஷ்டூட்ஸ் என்ற அறிஞர், வானத்திலிருந்து இரும்பு விழுந்தது என்பதை 1790ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் மறுத்தார். கிளாட்னி அதே கட்டுரையைப் படித்தார். அதே வாக்குமூலங்களைச் சீர்தூக்கிப் பார்த்தார். சாட்சிகள் சொன்னது உண்மையே என்று முடிவு செய்தார். இருவர் கையிலும் இருந்த சான்று ஒன்றுதான். அதை எடைபோட்ட முறைதான் வேறு.

சைபீரியாவின் இரும்பு

சாட்சியே இல்லாத ஒரு பொருளும் கிளாட்னியின் கவனத்தை ஈர்த்தது. ரஷ்யாவின் சைபீரியப் பகுதியில், கிராஸ்நோயார்ஸ்க் நகருக்குத் தெற்கே உள்ள மலைமுகட்டில், 1749ஆம் ஆண்டில் மெத்வெதெவ் என்ற கொல்லர் ஒரு பெரிய இரும்புப் பாளத்தைக் கண்டெடுத்தார். அதன் எடை ஏறத்தாழ 700 கிலோகிராம். அவர் அதை அரும்பாடுபட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். அப்பகுதியில் வாழ்ந்த தாத்தார் மக்கள் அதை வானிலிருந்து விழுந்த புனிதப் பொருளாகப் போற்றிவந்தனர். 1772ஆம் ஆண்டில் அங்கே பயணம் செய்த இயற்கை ஆய்வாளர் பீட்டர் பல்லாஸ் அதைப் பார்த்து வியந்து, விரிவாக எழுதினார். அதனால் அது பல்லாஸ் இரும்பு எனப் பெயர் பெற்றது.

அந்தப் பாளம் கடற்பஞ்சைப் போலத் துளைகள் நிறைந்திருந்தது. துளைகளுக்குள் மஞ்சள் கலந்த பச்சை நிறக் கண்ணாடிப் படிகங்கள் பதிந்திருந்தன. அது எங்கிருந்து வந்திருக்கும்? கிளாட்னி ஒவ்வொரு விளக்கமாக எடுத்து ஆராய்ந்தார். உலையில் உருக்கப்பட்டதா? அத்தகைய உலை எதுவும் அம்மலையில் இல்லை. இவ்வளவு பெரிய பாளத்தை உருக்கி மலைமேல் விட்டுச் செல்ல எவருக்கும் காரணமும் இல்லை. எரிமலை கக்கியதா? அருகில் எரிமலை கிடையாது. காட்டுத்தீயிலோ மின்னலிலோ உருகியதா? அவற்றின் வெப்பம் அதற்குப் போதாது. பூமியைச் சார்ந்த விளக்கங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக விழுந்த பின்னர் எஞ்சியது வானம் மட்டுமே.

அறுபத்து மூன்று பக்கங்கள்

1794ஆம் ஆண்டில் கிளாட்னியின் நூல் ரீகா நகரில் வெளிவந்தது. அதில் இருந்தவை 63 பக்கங்களே. பல்லாஸ் இரும்பும் அதைப் போன்ற பிற இரும்புப் பாளங்களும் எங்கிருந்து தோன்றின என்பதே நூலின் பொருள். அதில் அவர் மூன்று கருத்துகளை முன்வைத்தார். கல்லும் இரும்பும் வானிலிருந்து உண்மையாகவே விழுகின்றன என்பது முதல் கருத்து. தீக்கோளங்களே அவற்றைக் கொண்டுவருகின்றன; காற்று மண்டலத்துக்குள் மிகுந்த வேகத்தில் பாய்வதால் அவை சூடேறி ஒளிர்கின்றன என்பது இரண்டாவது. அந்தப் பொருள்கள் காற்று மண்டலத்தில் உருவானவை அல்ல, அண்டவெளியிலிருந்து வருபவை என்பது மூன்றாவது. தீக்கோளங்கள் மிக உயரத்தில் தோன்றுகின்றன. வெறும் புவியீர்ப்பினால் விழும் பொருளைக் காட்டிலும் மிக வேகமாகப் பாய்கின்றன. இவை இரண்டும் மூன்றாவது கருத்துக்கு அவர் காட்டிய ஆதாரங்கள்.

அப்படியானால், அண்டவெளியில் அவை எப்படி வந்தன? இதற்கும் கிளாட்னி இரண்டு விடைகளை எழுதினார். கோள்கள் உருவானபோது எந்தக் கோளிலும் சேராமல் எஞ்சிய பொருள்களாக அவை இருக்கலாம். அல்லது, உடைந்துபோன ஏதோ ஒரு கோளின் சிதறல்களாக இருக்கலாம்.

நூலுக்குக் கிடைத்த வரவேற்பு கசப்பானது. திறனாய்வாளர்கள் அதைக் கேலி செய்தனர். நாட்டுப்புறக் கதைகளை நம்பி நல்ல பெயரைக் கெடுத்துக்கொண்டார் என்று பேசினர். இந்த ஆய்வுக்கு வித்திட்ட லிக்டன்பர்க்குக்கூடத் தொடக்கத்தில் அந்நூல் உவப்பாக இல்லை. சொற்பொழிவு கேட்க வருவோரை நம்பியே வாழ்ந்த ஒருவருக்குப் பெயர் கெடுவது பிழைப்பு கெடுவதற்குச் சமம். அப்படியிருந்தும் கிளாட்னி தம் கருத்தைத் திரும்பப் பெறவில்லை.

வானமே தந்த சான்று

நூல் வெளிவந்த அதே ஆண்டு, ஜூன் 16ஆம் நாள், இத்தாலியின் சியன்னா நகருக்கு அருகே கற்கள் பொழிந்தன. பலர் அதை நேரில் கண்டனர். அதற்கு முந்தைய நாள்தான் தெற்கே உள்ள வெசூவியஸ் எரிமலை வெடித்திருந்தது. ஆகவே, அவை எரிமலையிலிருந்து பறந்துவந்த கற்கள் என்று சிலர் சமாதானம் சொன்னார்கள். எரிமலையோ சில நூறு கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 1795ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் 25 கிலோகிராம் எடையுள்ள கல் ஒன்று வயலில் விழுந்தது. இங்கிலாந்தில் எரிமலையே இல்லை. 1798ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் காசி நகருக்கு அருகே பல கற்கள் விழுந்தன; அவற்றுள் சில லண்டனுக்கு அனுப்பப்பட்டன.

எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கில வேதியியலாளர் இந்தக் கற்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். 1802ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு வியப்பூட்டியது. இத்தாலியில் விழுந்த கல்லும், இங்கிலாந்தில் விழுந்த கல்லும், காசியில் விழுந்த கல்லும் ஒன்றையொன்று ஒத்திருந்தன. விழுந்த இடங்களில் கிடைக்கும் பாறைகளை அவை ஒத்திருக்கவில்லை. அவற்றிலிருந்த இரும்புத் துகள்களில் நிக்கல் என்ற உலோகம் கலந்திருந்தது. சைபீரிய இரும்பு முதலிய பாளங்களிலும் அதே நிக்கல் இருந்தது. கல்லும் இரும்பும் ஒரே வழியில் வந்தவை என்று கிளாட்னி ஊகித்ததை வேதியியல் உறுதிப்படுத்தியது.

இறுதித் தீர்ப்பு பிரான்சில் கிடைத்தது. 1803ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், நார்மண்டிப் பகுதியின் லேகிள் என்ற ஊரில், பட்டப்பகலில் ஏறத்தாழ 3000 கற்கள் பொழிந்தன. அரசு, பியோ என்ற இளம் அறிவியலாளரை விசாரணைக்கு அனுப்பியது. அவர் ஊர் ஊராக நடந்து மக்களை விசாரித்தார். கற்கள் கிடந்த பரப்பை வரைபடமாக வரைந்தார். கிளாட்னி நூலகத்தில் செய்ததை அவர் களத்தில் செய்தார் எனலாம். அவருடைய அறிக்கை வெளிவந்த பிறகு, கற்கள் வானிலிருந்து விழுவதைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டனர்.

எங்கிருந்து வருகின்றன?

கற்கள் விழுவதை ஏற்றவர்களும் அவை எங்கிருந்து வருகின்றன என்பதில் ஒன்றுபடவில்லை. நிலவில் உள்ள எரிமலைகள் கக்கிய கற்களே பூமியில் விழுகின்றன என்று பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் உள்ளிட்டோர் கருதினர். அக்கருத்துக்குச் செல்வாக்கு மிகுதி. கிளாட்னியும் சில காலம் அதன் பக்கம் சாய்ந்தார். பின்னர், தீக்கோளங்களின் வேகத்திற்கு அந்த விளக்கம் பொருந்தவில்லை என்று கண்டு, தம் பழைய கருத்துக்கே திரும்பினார்.

இதற்கிடையில் வானியலில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1801ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே செரஸ் என்னும் சிறிய கோளை இத்தாலிய வானியலாளர் பியாஸி கண்டுபிடித்தார். 1807ஆம் ஆண்டுக்குள் அதே பகுதியில் மேலும் மூன்று சிறுகோள்கள் கண்டறியப்பட்டன. கோள்களுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையானது என்ற நம்பிக்கை தகர்ந்தது. கிளாட்னி எழுதியபோது கற்பனையாகத் தோன்றிய சிதறல்களுக்கு இப்போது ஓர் இருப்பிடம் கிடைத்துவிட்டது.

பயணத்திலேயே முடிந்த வாழ்வு

கிளாட்னி தம் பயணங்களை நிறுத்தவில்லை. 1809ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் மாமன்னர் நெப்போலியன் முன்னிலையில் மணல் உருவங்களைச் செய்துகாட்டினார். வியந்த மன்னர், அவருடைய ஒலியியல் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட 6000 பிராங்க் வழங்கினார். இத்தகைய பெருமைகள் வந்தபோதும் அவருக்கு நிலையான பதவி கடைசிவரை கிட்டவில்லை. அவர் திருமணமும் செய்துகொள்ளவில்லை.

சென்ற நகரங்களில் எல்லாம் அவர் விண்கல் துண்டுகளைத் தேடிச் சேர்த்தார்; புதிய செய்திகளைக் குறித்துவைத்தார். 1819ஆம் ஆண்டில், அதுவரை திரட்டிய அனைத்தையும் தொகுத்து வியன்னாவில் பெருநூலாக வெளியிட்டார். கால்நூற்றாண்டுக்கு முன் 63 பக்கங்களில் தொடங்கிய வழக்கு அந்நூலில் முழுமை பெற்றது. 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், சொற்பொழிவுப் பயணத்தின் நடுவே, பிரெஸ்லாவ் நகரில் அவர் காலமானார். அந்நகர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. தாம் அரிதின் முயன்று சேர்த்த விண்கற்களை அவர் பெர்லின் பல்கலைக்கழகத்திற்கு உரிமையாக்கிச் சென்றார்.

இன்று நாம் அறிவது

கிளாட்னி மறைந்து 132 ஆண்டுகள் கழித்து, 1959ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள், அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் ஒரு தீக்கோளம் வானியல் நிழற்படக் கருவிகளில் பதிவானது. படங்களைக் கொண்டு அது வந்த பாதையை அறிவியலாளர்கள் கணக்கிட்டனர். பிரிப்ராம் என்ற ஊருக்கு அருகே அதன் கற்களையும் கண்டெடுத்தனர். பாதையைப் பின்னோக்கி வரைந்தபோது அது சிறுகோள் பட்டைவரை சென்றது. ஒரு விண்கல்லின் பாதை படச்சான்றோடு கணக்கிடப்பட்டது அதுவே முதல் முறை.

சிறுகோள்கள் அவ்வப்போது ஒன்றோடொன்று மோதி உடைகின்றன. உடைந்த துண்டுகளைச் சூரிய வெப்பம் பல இலட்சம் ஆண்டுகளில் சிறிது சிறிதாக நகர்த்துகிறது. குறிப்பிட்ட சில இடங்களை அடையும் துண்டுகளை வியாழனின் ஈர்ப்பு மீண்டும் மீண்டும் அசைத்து, அவற்றின் பாதையை நீட்டிவிடுகிறது. அப்போது அவை பூமியின் பாதைக்கு அருகே வருகின்றன. இவ்வாறு வந்தவற்றையே நாம் புவியருகுச் சிறுகோள்கள் என்கிறோம். அவற்றுள் ஒன்றான இட்டோகாவாவிலிருந்து ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2010ஆம் ஆண்டில் தூசியைக் கொண்டுவந்தது. பூமியில் அதிகமாக விழும் கல் வகையோடு அத்தூசி பொருந்தியது. பூமியில் விழும் விண்கற்களுள் ஏறத்தாழ 70 விழுக்காடு, பெரிய மோதல்களில் பிறந்த மூன்று சிறுகோள் குடும்பங்களிலிருந்து வருபவை என்று 2024ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

கிளாட்னி எழுதிய இரண்டு விடைகளும் இன்று ஓரளவு உண்மையாகியுள்ளன. விண்கற்களுள் பெரும்பாலானவை, கோள்கள் உருவான காலத்துப் பொருளைப் பெரிதும் மாறாமல் தாங்கி வருபவை. இரும்பு விண்கற்களுள் பல, உருகிப் பின் உடைந்த சிறு கோள்களின் உட்பகுதியிலிருந்து வந்தவை. பல்லாஸ் இரும்பைப் போன்று உலோகமும் படிகமும் கலந்த விண்கற்கள் இன்றும் பல்லாசைட் என்றே அழைக்கப்படுகின்றன.

கிளாட்னியின் பெயரைத் தாங்கிய சிறுகோள் ஒன்று இன்று சூரியனைச் சுற்றி வருகிறது. விண்கல் ஒன்றில் கண்டறியப்பட்ட கனிமத்திற்கும் அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது. விருப்பமின்றிக் கற்ற சட்டமே அவருக்கு உண்மையைக் காணும் கருவியாயிற்று. வயலில் நின்று வானத்தைப் பார்த்த உழவரின் சொல்லை, சொன்னவர் யார் என்று பாராமல், சொன்னது பொருந்துகிறதா என்று பார்த்தார் அவர். அந்த நேர்மைதான் கல் வந்த வழியை உலகிற்குக் காட்டியது.